டீசல் மீட்டர்

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவரின் முதுகில் சரளைக்கல் குத்தியது. நேற்று முக்காலில் நின்ற டீசல் முள் இன்று காலை சுத்தமாகக் கீழே கிடந்தது. இரவெல்லாம் நின்ற இடத்திலேயே நின்ற வண்டியில் டீசல் எங்கே போகும்? ஒழுகியிருக்குமோ என்று டாங்கின் அடிப்பக்கம் முழுக்க விரலால் தடவினார். தூசிதான் வந்தது. கேனில் இருந்ததையும் ஊற்றிப் பார்த்தாயிற்று; முள் அசைந்து கொடுக்கவில்லை. லாரி ஓட்டியே காலம் கழித்த மனிதர், பொறுமைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். உள்ளே படுத்திருக்கும் மனைவிக்குக் கேட்காதபடி டாங்கைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

வேலையை விட்டதும் வீட்டை விற்று இந்த வீட்டு வண்டியை வாங்கியது அவளுடைய யோசனை. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. சொந்தக்காரர்கள் ‘நத்தை ஜோடி’ என்று கேலி செய்தார்கள். ஓட்டுவது அவர்; கோளாறு என்றால் அவள்தான். ஒயரிங் படத்தை மடியில் விரித்துக்கொண்டு, “பச்சைய மட்டும் கழட்டுங்க, மத்தத தொட்டீங்க தெரியும்” என்று மிரட்டுவாள். அவள் வயிற்றில் கட்டி வந்தபிறகு ஊர் சுற்றுவது நின்றது. இப்போது கழிப்பறைக்குக்கூட அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போகிறாள். நாளைக் காலை, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார் டாக்டர்; செய்யாவிட்டால் அந்தப் பாதியும் கிடையாது.

மகள் போனில் அழைத்தாள்.

“அப்பா, கெளம்பிட்டீங்களா? நாளைக்கு விட்டுட்டா மறுபடி எப்போ எடம் கெடைக்குமோ தெரியாது.”

“டீசல் மீட்டர் வேலை செய்யல. ஒழுகுதான்னும் புரியல. மலை நடுவுல நின்னுட்டா இவள வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

“ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா?”

“இரு, மதியத்துக்குள்ள பாத்துடறேன்.”

டாங்கிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றி, அதன் முனையை வண்டியின் இரும்பில் தொட்டால் முள் மேலே ஏற வேண்டும். ஏறினால் மீட்டர் நல்லது, கோளாறு டாங்கின் பக்கம். முன்பெல்லாம் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்து “ஏறுது, ஏறுது!” என்று கத்துவாள். இன்று சாவியைத் திருப்பி, போனை மீட்டருக்கு எதிரே சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டுவிட்டுக் கீழே போனார். திரும்பி வந்து பார்த்தால், வீடியோவில் முள் துள்ளி மேலே ஏறியிருந்தது. கூடவே ஒரு சத்தமும் இருந்தது. அவர் வெளியே போன அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் வாய்விட்டு முனகியிருந்தாள். அவர் உள்ளே இருக்கும்போது மூச்சுக் காட்டாதவள். வீடியோவை அழித்தார்.

டாங்கின் மேல்மூடி அவள் கட்டிலுக்குக் கீழே இருந்தது. அவளை அசைத்தால் வலிக்குமே என்றுதான் காலையிலிருந்து அதை மட்டும் தள்ளிப்போட்டிருந்தார்.

“கொஞ்ச நேரம் சோபாவுல படுத்துக்கறியா?”

“எதுக்கு? விடுங்களேன்.”

அவளை அள்ளித் தூக்கினார். ஒன்றுமே இல்லாததுபோல் கையில் வந்தாள். சோபாவில் கிடத்திவிட்டு மெத்தையைப் புரட்டி, பலகையை நகர்த்தினார். மூடியின் ஸ்க்ரூக்கள் விரலுக்கே சுழன்றன. உள்ளே, முள்ளை ஏறவிடாமல், எர்த் ஒயர் கழன்று கிடந்தது. கழன்று அல்ல, யாரோ அதை வளைத்து ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். துரு இல்லை. நட்டைக் காணோம். ஆட்டத்தில் கழன்றிருந்தால் அங்கேயேதான் விழுந்திருக்கும். காலையில் தண்ணீர் பிடிக்கப் போய் வர நேரமானது ஞாபகம் வந்தது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு மெத்தையைப் புரட்டி, பலகையைத் தூக்கி, ஸ்பேனரைப் பிடித்து... அவளேதான்.

“நட்டு எங்க?”

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “மாத்திரை டப்பாவுல.”

“ஏன்டி?”

“அங்க போனா திரும்ப என்னை இதுல ஏத்த மாட்டீங்க. எனக்குத் தெரியும். இங்கயே இருந்துடறேனே.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அழுவீங்க. உங்க அழுகையைப் பாத்தா நான் சரின்னுடுவேன்.”

“பாதிக்குப் பாதின்னு சொன்னாங்களே. அந்தப் பாதி எனக்கு வேணும்டி.” குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. “இந்த வலிய எப்படித் தாங்குவ?”

மாத்திரை டப்பாவைத் திறந்தார்.

மாத்திரைகளுக்கு நடுவிலிருந்து நட்டை எடுத்து, ஒயரை வைத்து முறுக்கினார். மூடி, பலகை, மெத்தை, எல்லாம் பழையபடி. அவளைத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்திப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முன்சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முள் மெல்லக் கிளம்பி, பாதியைத் தாண்டி, முக்காலுக்கும் மேலே போய் நின்றது. மலையைத் தாண்டத் தாராளமாகப் போதும். பக்கத்து சீட்டில் போன் அதிர்ந்தது. மகள்தான். அவர் எடுக்கவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் கட்டில் தெரிந்தது. போர்வைக்குள் அவள் அசையாமல், மூச்சைக்கூட நிறுத்திக்கொண்டு கிடந்தாள்.

“என்ன காட்டுது?” என்றாள்.

“ஒண்ணும் காட்டல” என்றார். சொல்லிவிட்டு உள்ளங்கையை மீட்டர்மேல் வைத்து மூடிக்கொண்டார்.