கற்பூரம் அடிக்காதவன்

ராஜாங்கத்துக்குச் சந்தேகம் பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பம்பு கம்பெனியில் லேத் ஆபரேட்டர் அவர். கம்பெனியின் ஃபுட்பால் டீமுக்குக் கோச், கேப்டன், கத்துகிற ஆள் எல்லாம் அவரே. முட்டி போய் ஆடுவதை விட்ட பிறகும் கேப்டன் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

உலகக் கோப்பை ஃபைனலில் பிரான்ஸ் தோற்று, ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் பாதிப்பேர் உம்மென்று இருந்த ஜூலை அது. மானேஜர் கூப்பிட்டு, "இந்த வருஷமும் கப்பு வரலன்னா டீம கலைச்சிடலாம் ராஜாங்கம்" என்றுவிட்டார். அந்த டீமை விட்டால் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ராஜாங்கத்துக்கு வேறு என்ன இருந்தது?

கம்பெனிகளுக்கான கப்பின் ஃபைனல் பிஸ்கட் கம்பெனியோடு, லாஸ்பேட்டை கிரவுண்டில். அதற்கு முந்தின வாரம் கோல்கீப்பர் இராமதாஸ் காதைக் கடித்தான். பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் நம் ஆள் ஒருத்தனை வளைத்துவிட்டார்களாம். விட்டுக்கொடுத்து ஆடினால் அங்கே பர்மனென்ட் வேலையாம்.

"யாருடா?"

"தெரிலண்ணே. ஆனா செம்மலும் அந்தக் கம்பெனி மானேஜரும் டீக்கடையில நின்னத தூரத்துலேந்து நானே பாத்தேன்."

அவ்வளவுதான், ராஜாங்கத்தின் மனசு செம்மலின் கழுத்தைப் பிடித்துவிட்டது. செம்மல் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிறவன். பாலை எடுக்கப் போனால் ஆளையும் சேர்த்துச் சாய்ப்பான். வாயும் அதே ரகம். "பாஸா குடுத்த? பிச்ச போட்ட" என்று சொந்த டீம்காரனையே கிழிப்பான். கேப்டன் போட்ட பிளானை எல்லார் முன்னாலும் "இது வேலைக்காவாதுண்ணே" என்பான். செமி ஃபைனலில் ஒருத்தனைத் தூக்கி அடித்து எதிராளிக்குப் பெனால்டி வாங்கிக் கொடுத்திருந்தான். அன்றைக்கு அதை முன்கோபம் என்று விட்டவருக்கு, இப்போது அது ஒத்திகையாகத் தெரிந்தது.

இன்னொரு பேக் விஜயராகவன். தங்கமான பிள்ளை. "சரிங்கண்ணே" தவிர வேறு பேச்சு கிடையாது. எதிராளி விழுந்தால் கை கொடுத்துத் தூக்கிவிடுவான். இரண்டு பேருமே கான்ட்ராக்ட் ஆட்கள்தான், ஆனாலும் விஜயராகவனைச் சந்தேகப்பட ராஜாங்கத்துக்கே மனசு வரவில்லை.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி கேட்டருகே முனீஸ்வரன் முன்னால் எல்லாரையும் நிறுத்தினார். கல்லின் மேல் கற்பூரத்தைக் கொளுத்தினார். டீமுக்குத் துரோகம் பண்ணவில்லை என்று ஒவ்வொருத்தனும் அடித்து அணைக்க வேண்டும். முதல் ஆளாக வந்து பட்டென்று அடித்தவன் விஜயராகவன். மறுபடி கொளுத்தக் கொளுத்த ஒவ்வொருத்தனாக அடித்தார்கள். செம்மல் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அடிடா."

"மாட்டேன்."

"மனசுல ஒண்ணும் இல்லன்னா அடிக்கறதுக்கு இன்னாடா?"

"இத்தினி வருஷம் உங்ககூட ஆடியிருக்கேன். நான் யாருன்னு கற்பூரம் சொல்லித்தான் தெரியணுமா? புத்தி கெட்ட வேலண்ணே இது."

"டீக்கடையில அவங்கூட இன்னா பேசின? சொல்லு!"

"தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். திருடன் மாதிரி நிக்க வெச்சுக் கேக்கறீங்க. சொல்லமாட்டேன், போங்க."

ராஜாங்கத்துக்கு வேறு சாட்சியே வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபைனலில் செம்மலை வெளியே உட்கார வைத்துவிட்டார்.

இரண்டாம் பாதி வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. பிறகு பிஸ்கட் கம்பெனிக்காரன் ஒருத்தன் பாலோடு தனியாக வந்தான். எதிரே விஜயராகவன். கல்யாண வீட்டு வாசலில் பெரியவருக்கு வழி விடுவது போல மரியாதையாக ஒதுங்கினான். கோல்!

"அவன் காலே வெக்கலண்ணே! என்னை எறக்குண்ணே!" கோட்டுக்கு வெளியே செம்மல் தொண்டை கிழியக் கத்தினான்.

அடேயப்பா, பழியை அடுத்தவன் தலையில் கட்டுகிறான் பார் என்று ராஜாங்கம் பல்லைக் கடித்தார். அவனை இறக்கவே இல்லை. அந்த ஒரு கோலில் தோற்றார்கள். விஜயராகவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் முதுகைத் தடவிக் கொடுத்தவர் ராஜாங்கம்தான். செம்மல் யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டான்.

ஆவணி பிறந்து ஒருநாள் பிஸ்கட் கம்பெனி வாசலில், அந்தக் கம்பெனி யூனிஃபார்மில் எதிரே வந்தான், ஒரு வாரமாக வேலைக்கு வராமலிருந்த விஜயராகவன்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

ராஜாங்கம் அவன் சட்டையையே பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மன்னிச்சிடுங்கண்ணே. ரெண்டு பொம்பளப் பசங்க, கான்ட்ராக்ட் சம்பளம். இந்த மானேஜரு மொதல்ல செம்மலத்தான் கேட்டாராம். டீக்கடையில அத்தினி பேரு முன்னாடி கண்ட வார்த்தையும் சொல்லித் திட்டிட்டானாம். அப்புறந்தான் எங்கிட்ட வந்தாரு. எனக்கு எதுத்துப் பேசி வழக்கமில்லையேண்ணே."

அடப்பாவி! இந்த மரியாதையையா தலையில் தூக்கி வைத்து ஆடினோம் என்று ராஜாங்கத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதைவிடத் தன்மேல் வந்த ஆத்திரம்தான் பெரிது. நேரே தன் கம்பெனி மானேஜரிடம் ஓடி, நடந்ததைச் சொல்லி, டீமைக் கலைக்க வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "செம்மல் திரும்பி வந்தான்னா இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்" என்றார் மானேஜர்.

கருவடிக்குப்பத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் இருந்தான் செம்மல். ராஜாங்கம் எல்லாவற்றையும் சொன்னார். தப்பு என்னுதுதான்டா என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. செம்மல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான், டீ வரவழைத்தான்.

"நீ வந்தாதான்டா டீமு. வரியா?"

"வரமாட்டேண்ணே."

"கோவமாடா?"

"கோவம் அன்னிக்கே போயிடுச்சு. உங்ககிட்ட ஆட இஷ்டமில்ல. அவ்ளோதான்."

இதே வார்த்தையை வேறு எவன் சொல்லியிருந்தாலும் பிகு பண்ணுகிறான், இரண்டு தரம் கேட்டால் வருவான் என்று நினைத்திருப்பார். இவன் சொன்னதை அப்படியே நம்பினார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, டீமைக் கலைத்துவிடலாம் என்று மானேஜரிடம் சொல்லப் போனார்.