நெட்டுக்குத்தின் மத்தியானத் தூக்கம்

நெட்டுக்குத்து பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடப் படுத்துத் தூங்கியதில்லை. எங்கள் தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராததைப் போல அதுவும் ஒரு சங்கதி, அவ்வளவுதான். குழந்தையைத் தொட்டிலில் போட்டால் மூச்சு நின்றுவிடும். தூக்கி நிறுத்தினால் திரும்ப வரும். ஒருமுறை காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, நர்சம்மா நம்பாமல் கட்டிலில் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தானே பதறிப்போய்த் தூக்கி நிறுத்தினார். வளர்ந்த பிறகு, கதவுக்கும் அலமாரிக்கும் நடுவிலிருந்த மூலையில் தோளைக் கொடுத்து நின்றபடியே தூங்குவான். இப்படிப்பட்டவன் குத்துச்சண்டைக்குப் போனதில் ஆச்சரியமில்லை. எவ்வளவு அடி வாங்கினாலும் விழமாட்டான், ஏனென்றால் விழுந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். நெட்டுக்குத்து என்பது பயிற்சிக் கூடத்தில் வைத்த பெயர். நிற்பதும் குத்துவதும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டதால், சொந்தப் பெயரை அவன் அம்மாவே மறந்துவிட்டாள்.

மாடி அறையில் தையல் மிஷின் போட்டிருந்த பெண்ணை ஆசைப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டான். அவள் கட்டிலில் படுப்பாள். அவன் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்தபடி தூங்குவான். பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறவனைத் திட்டலாம், நின்றுகொண்டு விடுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் மிஷினை வேகமாக மிதிப்பாள்.

அவளை வளர்த்து ஆளாக்கியது அவள் அண்ணன் உடும்பு. தரையில் புரண்டு சண்டை போடுகிறவன், பிடித்தால் விடமாட்டான். அவன் நிற்கிற இடத்தை நோக்கித் தரை சாயும். எலுமிச்சம்பழம், பாட்டில் மூடி, நூல்கண்டு எல்லாம் உருண்டு அவன் காலடிக்கு வந்துவிடும். எதிராளிகளும் அப்படித்தான் வந்தார்கள். பாய்ந்து காலைக் கட்டிப்பிடித்துக் கவிழ்த்து, மேலே ஏறி உட்கார்ந்துவிடுவான். தங்கையின் குடித்தனத்தைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு நிம்மதியில்லை. "நின்னுக்கிட்டே தூங்குறவன் என்னைக்கு வேணா நடந்து போயிடுவான் பாப்பா. படுக்கிறவன்தான் வீட்டுல தங்குவான்" என்றான். பயிற்சிக் கூடத்து மெத்தையில் மூன்று சுற்று சண்டை. மாப்பிள்ளையின் முதுகு தரையில் பட்டால் தங்கை தன்னோடு வந்துவிட வேண்டும் என்றான். பட்டால் அவர் மூச்சு நின்றுவிடும் என்று அவள் சொன்னதற்கு, "அதெல்லாம் வேஷம்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டான். வளர்த்த அண்ணனை எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. புருஷனை விட்டுப் போகவும் மனம் வரவில்லை. மிஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, புருஷனைப் பழக்குவதற்காக அவளே அண்ணனாக மாறி நெட்டுக்குத்தின் காலைப் பாய்ந்து பிடித்தாள்.

அந்த மாதம் முழுக்க மாடியில் தடால் தடால் என்று சத்தம். கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார். "பின்னாடி போகாதீங்க, தரை அண்ணன் பக்கம் சாயும், அது மேடு. பக்கத்துல நகருங்க. நேரா கைய நீட்டி முகத்துல தட்டிக்கிட்டே இருங்க, கிட்ட வர யோசிக்கட்டும். மீறி வந்து பிடிச்சா, ரெண்டு காலையும் பின்னால வீசிட்டு உங்க பாரத்தை அப்படியே அவன் முதுகு மேல இறக்குங்க. கைய அவன் அக்குளுக்குள்ள கொடுங்க." அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு என்பதையும் சொல்லிவைத்தாள். பாய்வதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சுவான். சின்ன வயதில் அவள் பலகாரத்தைப் பறிக்கப் பாய்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். அந்த உறிஞ்சலை நம்பித்தான் இருவரும் மெத்தைக்குப் போனார்கள். அன்று பார்த்து உடும்புக்கு நல்ல ஜலதோஷம்.

முதல் சுற்று முழுக்க அவன் உறிஞ்சிக்கொண்டே இருந்தான். நெட்டுக்குத்து காலைப் பின்னால் வீசிக்கொண்டே இருந்தான். கூடத்தில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர், புருஷனும் பெண்டாட்டியும். இரண்டாம் சுற்றில் அவள் மடியிலிருந்து நூல்கண்டை எடுத்து மெத்தையோரம் வைத்து, நூலை விரலில் சுற்றிக்கொண்டாள். அண்ணன் பாய நினைக்கும்போது தரை இன்னும் கொஞ்சம் சாயும் என்பது அவளுக்குத் தெரியும். நூல் விரலில் இறுகியதும் "இப்ப" என்றாள். நெட்டுக்குத்து காலை வீசி இடுப்பை இறக்கினான். உடும்பின் மூக்கு மெத்தையில் அழுந்தியது. மூன்றாம் சுற்றில் நூல் அறுந்துபோனது. உடும்பின் பிடியில் ஒரு கால் சிக்கிவிட்டது. நெட்டுக்குத்து ஒற்றைக் காலில் நொண்டியபடி அவன் தலையைக் கீழே அழுத்தினான், சறுக்கினான், உட்கார்ந்தேவிட்டான். முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. மூச்சு திணறி முகம் நீலம் பாரித்தது. அதை இவ்வளவு கிட்டத்தில் உடும்பு அன்றுதான் பார்த்தான். பிடி ஒரு நொடி தளர்ந்தது. நெட்டுக்குத்து ஒரு கையைத் தரையில் ஊன்றி, இடுப்பைப் பின்னுக்கு இழுத்து எழுந்து நின்றான். மணி அடித்தது. "விழுந்தான், படுக்கல" என்று உடும்பே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். தங்கையிடம் கைக்குட்டை கேட்டான்.

அந்தக் கூடம் இப்போது மருந்துக் கிடங்காகிவிட்டது. அங்கே போனால் அட்டைப்பெட்டி வாசனைக்கு அடியில் பழைய வியர்வை வாசனை அடிப்பதுபோல் எனக்குத் தோன்றும். உடும்பு தனிக்கட்டையாகவே இருந்து, முட்டி தேய்ந்த பிறகு தங்கை வீட்டுக்கே வந்துவிட்டான். நெட்டுக்குத்துக்கும் வயதாகிக் கால் வீங்கியது. ஒருநாள் சாப்பாட்டுக்குப் பின் தங்கை கட்டிலில் படுத்திருக்க, மாப்பிள்ளை கால்மாட்டில் கட்டிலுக்கு முதுகு காட்டி நின்றபடி கால் மாற்றிக் கால் மாற்றித் தவிப்பதை உடும்பு கவனித்தான். எழுந்து போய் அவனுக்கு எதிரே சுவரோரம் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சினான்.

தரை சாய்ந்தது. கட்டிலின் தலைமாடு மெல்ல உயர்ந்து, கட்டிலே ஏணி சாத்தியதுபோல் நிமிர்ந்து, நின்றிருந்தவனின் முதுகைத் தொட்டது. அவள் பாதி நின்றாள், அவன் பாதி படுத்தான். மூச்சு நிற்கவில்லை. நெட்டுக்குத்து பயந்துபோய் மச்சானைப் பார்த்தான். "இது படுத்த கணக்குல வராது மாப்பிள்ளை, தூங்குங்க" என்றான் உடும்பு.

அவன் அவள் தோளில் தலையை வைத்துத் தூங்கிப்போனான். முதல் குறட்டைக்கே அவள் ஆசை தீரத் திட்டினாள், திட்டும்போதே அழுதாள். அன்றிலிருந்து, மத்தியானத்தில் எங்கள் தெருவில் உருளக்கூடிய எதையும் யாரும் தரையில் வைப்பதில்லை.