அரை ஏர் வரி

கோயில் நோம்பிக்கு வரி கேட்டு வீட்டுக்கு வரவில்லை என்று ஊரோடு சண்டை போட்ட ஒரே பொம்பளை இந்த அன்னூர்ச் சுற்றுவட்டாரத்தில் நான்தான். வரி கட்ட முடியாது என்று சண்டை போட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் கட்டியே தீருவேன் என்று நின்றேன். இன்றைக்கும் வெங்கடம்மாள் என்று என் பேரைச் சொன்னால் அதை நினைத்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு அதில் ஒரு சொட்டு வெட்கம் கிடையாது.

பவானிசாகர் அணையைக் கட்டி முடித்த வருஷம் நாங்கள் இங்கே வந்தோம். அதற்கு முன்னால் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் இரண்டு பேருக்கும் வேலை. அவர் நூல் நூற்கும் ஸ்பின்னிங்கில், நான் நூல் சுற்றும் ரீலிங்கில். ஆள் குறைக்கிறோம் என்று முதலில் பொம்பளைகளை நிறுத்தினார்கள், பிறகு அவரையும் நிறுத்தினார்கள். அவர் என்றால் என் வீட்டுக்காரர் அழகிரிசாமி. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று நான் கேலி செய்வேன். எனக்குத் தூரத்துச் சொந்தமான கோவிந்தராஜுலு நாயுடு, மோட்டார்ப் பட்டறை வைத்து டவுனுக்கே குடிபோனவர், அன்னூருக்குக் கிழக்கே சும்மா கிடந்த தன் காட்டைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். காடு என்றால் இந்தப் பக்கத்தில் மானாவாரி நிலம். எங்களுக்கு வாய்த்ததில் மண்ணைவிடக் கல் அதிகம்.

விவசாயம் எங்களுக்கு என்ன தெரியும்? வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் குளித்து, வெளுத்த துணி உடுத்திக்கொண்டு, இன்றைக்கு லீவு என்று வாசலில் உட்கார்ந்திருந்தோம். மில்லில் பழகிய உடம்பு அப்படி. கட்டுத்தறியில் மாடு கத்துகிறது, கத்திக்கொண்டே இருக்கிறது, அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. பக்கத்துக் காட்டுச் செல்லாத்தாள் பொறுக்கமாட்டாமல் வேலியைத் தாண்டி வந்துவிட்டாள்.

"ஏனுங்க அம்மணி, மாட்டுக்கு ஏதுங்க ஞாயித்துக்கெழமை?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உன் வேலையைப் பார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே வாளியை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் காட்ட ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்த சிநேகிதம் எங்களுடையது. என் வயதுதான் அவளுக்கும். அந்த வருஷம்தான் அவள் புருஷன் இறந்துபோயிருந்தார், உழவு மாட்டு ஜோடியில் ஒன்றும் செத்துப்போயிருந்தது. அவளிடம் ஒற்றை மாடு, எங்களிடம் ஒற்றை மாடு. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டினோம். ஒரு நாள் அவள் காட்டில் உழவு, ஒரு நாள் எங்கள் காட்டில். கலப்பை அவளுடையது, நுகத்தடி எங்களுடையது.

முதல் வருஷம் சோளத்தை விதைத்த நெருக்கத்தைப் பார்த்து, இது சோளமா, பாய் நெய்யக் கோரை போட்டிருக்கிறீர்களா என்று வழியில் போனவர்கள் எல்லாம் கேட்டார்கள். அந்த வருஷம் மாட்டுக்குத் தீவனம் கிடைத்தது, எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் வருஷம் பாதி கிடைத்தது. கையில் தோல் உரிய உரியக் கல் பொறுக்கினேன். பொறுக்கிய கல்லை ஓரத்தில் அடுக்கி அடுக்கி இடுப்பு உயரத்துக்குக் கட்டுச்சுவரே எழுப்பிவிட்டேன். மூன்றாம் வருஷம் தை மாசம் கதிர் அறுத்தபோது, எங்கள் சோளத்தைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் செல்லாத்தாள் ஒரு மணியைக் கடித்தும் பார்த்தாள். பொறாமைப்பட்டாள். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை.

ஆனால் நோம்பி என்று ஒன்று இருக்கிறதே. பங்குனியில் வரும் மாரியம்மன் திருவிழாவைத்தான் இங்கே நோம்பி என்பார்கள். அதற்கு முன்னால் ஊர் வண்டி தப்பட்டை அடித்துக்கொண்டு காடு காடாக வரும். ஒவ்வொரு வீட்டுக் கடவிலும், அதாவது வேலியில் விட்டிருக்கும் வழியில், வண்டி நிற்கும். ஊர்ப் பெரியதனம் பார்க்கும் குமாரசாமிக் கவுண்டர் தானே இறங்கி வந்து, ஏருக்கு ஒரு வள்ளம் சோளம் அளந்து வாங்குவார். நாலு படி பிடிக்கும் அளவு அது. அப்படி வரி கொடுத்த வீட்டுக்குத்தான் கோயிலுக்கு முன்னால் பொங்கல் அடுப்பு உண்டு.

முதல் வருஷம் வண்டி எங்கள் கடவைத் தாண்டிப் போனபோது, பாவம், நம் கஷ்டம் தெரிந்து விட்டுவிட்டார்கள் என்று நானும் சந்தோஷப்பட்டேன், முட்டாள். நோம்பியன்று பானையும் அரிசியுமாகக் கோயிலுக்குப் போனேன். கவுண்டர் எழுந்து வந்தார். "வாங்கம்மணி, வாங்க. விருந்தாளி நீங்க எதுக்குங்க அடுப்பூதிக்கிட்டு? இப்படி உக்காருங்க" என்று பாயை விரித்துப்போட்டு, இளநீரும் வெட்டிக் கொடுத்தார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இளநீர் கொடுத்தவரை என்ன செய்வது? குடித்துவிட்டு, பானையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அடுத்த வருஷமும் அதே பாய், அதே இளநீர். குடியிருக்கிற ஊரிலேயே விருந்தாளியாக இருந்து பார்த்தால்தான் அந்த எரிச்சல் தெரியும்.

என் வீட்டுக்காரருக்கும் அது உள்ளே அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. மூன்றாம் வருஷம் மாசிக் கடைசியில், மில்லில் புது ஷிப்ட் போடுகிறார்கள், பழைய ஆட்களைக் கூப்பிடுகிறார்கள் என்று பழைய மேஸ்திரி ஆளிடம் சொல்லியனுப்பினார். வேலை அவருக்கு மட்டும்தான், ரீலிங்குக்கு ஆள் வேண்டாமாம். எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கில், சண்டை மட்டும் தமிழில். அன்றைக்குத் தமிழ்தான்.

"போயிரலாம்" என்றார்.

"சோளம் இப்பத்தான் ஒழுங்கா வெளைஞ்சிருக்குது. இப்பப் போயி மூட்டை கட்டறதுங்களா?"

"வெளைஞ்சு என்ன? இந்த ஊருக்கு நாம யாரு? நாளைக்கு ஒண்ணுன்னா தோள் கொடுக்க நாலு பேரு வருவாங்களா? மில்லுல எனக்கு ஒரு நம்பராவது இருந்துச்சு."

அவரே ஒரு முடிவும் சொன்னார். "இந்த வருசம் நோம்பி வண்டி நம்ம கடவுல நின்னா இருப்போம். நிக்காமப் போச்சுன்னா அந்த வாரமே கெளம்பறோம்."

கோபத்தில் நானும் சரி என்றுவிட்டேன். ஆனால் எனக்குப் போக மனசே இல்லை. மில்லில் நான் சுற்றிய நூல் எந்த ஊருக்குப் போனது, யார் உடம்பில் துணியானது என்று ஒரு நாளும் பார்த்தது கிடையாது. இங்கே நான் விதைத்தது என் கண் முன்னால் நின்றது. அதை விட்டுவிட்டுப் போய் ஒற்றை அறையில் உட்கார்ந்து அவர் ஷிப்ட் முடிந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

வண்டி வரும் நாள் வந்தது. விடிவதற்குள் கடவைக் கூட்டிச் சாணி தெளித்துக் கோலம் போட்டேன். சோளத்தைப் புடைத்துக் கூடையில் எடுத்து வைத்தேன். செல்லாத்தாள் கடவில் தப்பட்டைச் சத்தம் கேட்டது, நின்றது. அளக்கிறார்கள். மறுபடி சத்தம் கிளம்பியது. கவுண்டரின் மருமகன் தம்பிதுரை வண்டி ஓட்டினான். நான் கடவில் நிற்கிறேன், என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் நிற்கிறார். கவுண்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தார், இரண்டு கையையும் கூப்பி அழகாகக் கும்பிட்டார். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"பாத்துக்கிட்டயா?" என்றார் அவர்.

அவ்வளவுதான். கூடையைத் தூக்கித் தலையில் வைத்தேன், ஓடினேன். இரண்டு பக்கமும் கள்ளி வேலி வைத்த குறுகலான இட்டேரி அது. வேலியில் உரசிக்கொண்டு வண்டியைத் தாண்டி, மாட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நிறுத்துங்க வண்டியை!"

கவுண்டர் பதறிப்போய் இறங்கினார். "ஏனம்மணி, என்னாச்சுங்க? பாம்பு கீம்பு புடுங்கிருச்சுங்களா?"

"எங்க ஊட்டு வரி வாங்காமப் போறீங்களே, அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"அட, இதுக்கா இப்படி ஓடியாறீங்க? பொழைக்க வந்தவங்க நீங்க. உங்ககிட்டப் போயி வரி வாங்கறதுங்களா? பாவமுங்க. நீங்க நோம்பிக்கு வாங்க, அதே போதும்."

"வந்து? எளநீ குடிச்சுப்போட்டுப் போறதுங்களா?"

தம்பிதுரை களுக்கென்று சிரித்தான். நான் பார்த்த பார்வையில் மாட்டின் வாலை முறுக்குவதுபோலக் குனிந்துகொண்டான். கவுண்டர் மட்டும் பொறுமையாகவே பேசினார். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. வரி ஏருக்குத்தானுங்க. உங்களுக்கு ஒத்தை மாடுதானுங்களே? ஏருன்னா ஜோடி இருக்கோணுமல்ல?"

"செல்லாத்தாளுக்கு எத்தனை மாடுங்க?"

"அவளுக்கும் ஒண்ணுதான். புருசன் காலமானதுல இருந்து அரை ஏருன்னு வெச்சு அரை வள்ளம் வாங்கறோம்."

"அரை ஏரு எப்படிங்க உழுகும்?"

கவுண்டர் தப்பட்டைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த மூணு வருசமா அவ காடு உழுதிருக்குதுங்களா இல்லீங்களா? ஒத்தை மாடு தானாவே உழுதுச்சுங்களா? மிச்ச அரை ஏரு என் கட்டுத்தறியில நிக்குதுங்க, வந்து பாருங்க. ஒரு அரை ஏருகிட்ட வாங்கிப்போட்டு இன்னொரு அரை ஏரை உட்டுப்போட்டுப் போறீங்களே, இது என்னங்க ஞாயம்?"

சத்தம் கேட்டுச் செல்லாத்தாள் பின்னாலேயே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அம்மணி சொல்றது சரிதானுங்க மாமா. அந்த மாடு இல்லீன்னா எம்மாடு மொளக்குச்சியத்தான் சுத்திக்கிட்டு இருக்கும்" என்றாள். தப்பட்டைக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கவுண்டர் மீசையைத் தடவினார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் தம்பிதுரை சொன்னான். "வாங்கறது பெரிசில்லீங்க மாமா. இன்னைக்கு வாங்கிப்போட்டு அடுப்பும் கொடுப்போம். மில்லுல சங்கு ஊதுனா அடுத்த பஸ்ஸுல ஏறிருவாங்க. நோம்பி வேலைன்னு வாரப்ப இவங்க பங்கை யாருங்க செய்யறது?"

எதற்கும் என்னிடம் பதில் இருக்கும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். அன்றைக்குத் தலையிலிருந்த கூடையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் பொய்யா சொன்னான்? சங்கு ஊதி ஒரு மாசம் ஆகிறது. வீட்டில் மூட்டை கட்டுகிற பேச்சு நடக்கிறது. திரும்பிப் பார்த்தேன். கடவில் நின்றிருந்த அவர் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். எல்லாமே காதில் விழுந்திருக்கும். கூட்டத்துக்கு நடுவில், ஆமாம், போகப்போகிறோம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துபோனேன்.

வந்தார். என் தலையிலிருந்த கூடையை இறக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"சங்கு ஊதிப்போட்டாங்க தம்பி" என்றார். "போன மாசமே என்னையக் கூப்பிட்டாங்க. நான் போகமாட்டேன்."

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கவுண்டரைப் பார்த்து, "நோம்பி வேலைக்கு முன்னால நிப்பேனுங்க. ஆனா வரியை இப்படி வழியில வெச்சு வாங்காதீங்க. எல்லார்த்து ஊட்டுலயும் எப்படி வாங்குவீங்களோ, அப்படி வந்து வாங்குங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வெளியாளிடம் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. என் புருஷன் என்று அந்த இட்டேரி முழுக்கக் கேட்கும்படி கத்தவேண்டும்போல இருந்தது எனக்கு.

கவுண்டர் இட்டேரியை முன்னும் பின்னும் பார்த்தார். அந்த அகலத்தில் வண்டி திரும்பாது. "மாட்டை அவுரு" என்றார் தம்பிதுரையிடம். அவன் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தான். வண்டியைக் கையாலேயே பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு சக்கரத்தை என் வீட்டுக்காரர் பிடித்தார், ஒன்றைத் தம்பிதுரை பிடித்தான். செல்லாத்தாள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்று, கள்ளி, கள்ளி என்று கத்தினோம். வண்டி எங்கள் கடவுக்கு வந்து நின்றது. தப்பட்டைக்காரர் மற்ற வீடுகளில் அடித்த மாதிரியே நின்று நிதானமாக அடித்தார்.

கவுண்டர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கூடையிலிருந்த சோளத்தை அரை வள்ளத்தில் கொட்டினார், உள்ளங்கையால் நிரவினார். விளிம்பு வரைக்கும் வரவில்லை. நான் ஓடிய ஓட்டத்தில் வழியெல்லாம் சிந்தியிருக்கிறது. எனக்கு முகம் செத்துப்போயிற்று. இருக்கட்டும், பரவாயில்லைங்க, விருந்தாளிங்க நீங்க என்று இப்போது சொல்லப்போகிறார், மறுபடி அதே பாய்தான் என்று நினைத்தேன்.

அவர் அளவைப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கும்பிடும் இல்லை.

"ஒரு புடி கொறையுதுங்க அம்மணி. கொண்டாங்க."

மூன்று வருஷத்தில் இந்த ஊர் எங்களிடம் கேட்ட முதல் பொருள் அது. நான் வீட்டுக்குள் ஓடினேன். மொடாப் பானைக்குள் கையை விட்டேன், கண்ணில் தண்ணீர் நிறைந்து சோளம் தெரியவில்லை. இரண்டு கையும் கொள்ளாமல் அள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதிலிருந்து ஒரு பிடியை மட்டும் எடுத்து அளவில் போட்டார், நிரவினார், மிச்சத்தை என் கையோடு தள்ளிவிட்டார்.

"போதுமுங்க" என்றார். "அரை ஏருக்கு இவ்வளவுதான்."