தலைகீழாய்ச் சுற்றும் நேரம்

நடுக்கடலில் இரும்புக் கால்களில் நிற்கும் அந்த எண்ணெய் மேடையில், பம்பு ஓட்டுகிறவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கிணற்றின் அடியாழத்தில் கிடக்கும் பம்பு நின்றுபோனால், குழாயில் ஏறிய எண்ணெயெல்லாம் மறுபடி கீழே இறங்கும். இறங்குகிற வேகத்தில் பம்பைத் தலைகீழாகச் சுற்றிவிடும். அது ஓயுமுன் சுவிட்சைப் போட்டால், மோட்டார் ஒரு பக்கம் திருக, எண்ணெய் மறுபக்கம் திருக, மோட்டாரையும் பம்பையும் சேர்க்கும் தண்டு முறுக்கிக்கொண்டு ஒடியும். அதனால் ஆமை காத்திருப்பார். அவர் கையில் ஒரு பம்பும் அற்பாயுசில் போனதில்லை.

அன்று புயல்காற்றில் மின்சாரம் போய்த் திரும்ப வந்தது. மற்ற கிணறுகள் வற்றிப்போய், மிச்சம் ஒன்றே ஒன்று. இந்தப் பம்பும் போனால் வேறு இறக்க மாட்டோம், மேடையையே மூடிவிடுவோம் என்று கம்பெனி முன்பே சொல்லியிருந்தது. அத்தனை பேர் பிழைப்பும் அந்த ஒரு தண்டில். சுவிட்சுப் பெட்டியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆமை உட்கார்ந்திருந்தார். பம்பைப் போடச் சொல்லிக் கரையிலிருந்து மேனேஜர் ரேடியோவில் கத்திக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், நல்ல நேரம் பாக்குறீங்களா?" என்றார் எலக்ட்ரீசியன். ஆமையின் தங்கையைக் கட்டியவர்.

"கொஞ்சம் பொறுங்க மாப்ள. எண்ணெய் இறங்கட்டும்."

"அதெல்லாம் எப்பவோ இறங்கியாச்சு. குழாய் குளுந்து எண்ணெய் உறைஞ்சுபோனா நீங்களா உறிஞ்சி எடுப்பீங்க?"

"தன் கல்யாணத்துக்கே மறுநாள் போய்ச் சேந்த ஆளாச்சே!" என்றார் சமையல்காரர். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

எலக்ட்ரீசியன் கையை நீட்டினார். "குடுங்க மச்சான். எம்மேல நம்பிக்கை இல்லியா?"

கேலியை ஆமை தாங்குவார். நீட்டிய அந்தக் கையைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டு மாப்பிள்ளை நாலு பேர் முன்னால் கேட்டு, இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. கொடுத்துவிட்டார்.

எலக்ட்ரீசியன் பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. கைதட்டினார்கள். சமையல்காரர் தேநீர் போட ஓடினார்.

"பாத்தீங்களா மச்சான்? ஓடுது!"

ஆமை மின்சாரம் அளக்கும் முள்ளைப் பார்த்தார். எகிறிக் குதித்த முள் சட்டென்று படுத்து, கீழேயே கிடந்தது. பாரம் இழுக்கிற மோட்டார் இத்தனை சொற்பமாகவா மின்சாரம் குடிக்கும்? வெளியே போய், மழையில் நனைந்தபடி, குழாய்த் தலையிலிருந்த அழுத்தமானியைப் பார்த்தார். பெற்ற பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார். அசைவில்லை.

உள்ளே வந்து, தலையைக்கூடத் துடைக்காமல் சொன்னார். "மோட்டார் ஓடுது மாப்ள. பம்பு ஓடல. தண்டு போச்சு."

"விளையாடாதீங்க மச்சான்..."

சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. ரேடியோவில் மேனேஜர், "எண்ணெய் வருதா? வருதாய்யா?" என்றார். ஆமைதான் எடுத்துப் பேசினார்.

"வராது சார். தண்டு ஒடிஞ்சிருச்சு. நேரத்துக்கு முன்னாடி சாவியக் குடுத்தது நான்தான்."

"யாருகிட்ட குடுத்த?"

"குடுத்தது நான்தான் சார்" என்றார் ஆமை மறுபடியும்.

பிறகு மேனேஜர், அன்று முதன்முறையாகக் கத்தாமல் சொன்னார்:

"மோட்டார நிறுத்திட்டு எல்லாரும் சாமானக் கட்டுங்க. காத்து அடங்குனதும் படகு வரும்."