விட்டுவைத்த வரிசைகள்

கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு, தட்டைக் கட்டைத் தோளால் தூணோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள் கெண்ட்ரா. காய்ந்த மக்காச்சோளத் தட்டை சொன்ன பேச்சுக் கேட்காது. இந்தப் பக்கம் இறுக்கினால் அந்தப் பக்கம் சரியும், தோகை கன்னத்தைக் கீறும். அக்டோபர் பிறந்துவிட்டால் அயோவாவில் எந்த வீட்டு முன்வாசலும் அறுவடை அலங்காரம் இல்லாமல் வெறுமனே இருக்கக் கூடாது. தூணுக்குத் தூண் தட்டைக் கட்டு, படிக்குப் படி பூசணி, இரண்டு பக்கமும் சாமந்தி. நாலாபுறமும் சோளக்காடாகக் கிடக்கிற ஊரில் அந்தத் தட்டையைக் கட்டுக் கட்டாகக் கடையில் விற்கிறார்கள், அதையும் வாங்குகிறார்கள். கெண்ட்ராவுக்கு அந்த வசதி கிடையாது. பூசணிகள் தேவாலய விற்பனையில் யாரும் சீண்டாமல் கிடந்தவை, எல்லாமே கோணல். சாமந்தி, வாடிப்போனதென்று கடைக்காரர் சும்மா கொடுத்தது. வாடிய பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். தட்டை மட்டும் அவளே எதிர்க்காட்டில் போய் வெட்டிக்கொண்டு வந்தது. பருத்த கதிராகப் பார்த்துப் பார்த்து வெட்டி, மேல்தோலைக் கொஞ்சம் உரித்து, மஞ்சள் முத்துகள் வெளியே தெரிகிற மாதிரி விட்டிருந்தாள்.

அன்று மதியம் ஆர்லிஸ் வருகிறார். வீட்டுக்குச் சொந்தக்கார அம்மாள். இந்தப் பண்ணை வீட்டில் இவர்கள் தொடர்ந்து இருக்கலாமா, இல்லை கல்யாணம் ஆகப்போகிற தன் அண்ணன் மகனுக்கு வீட்டைக் கொடுத்துவிடுவதா என்று நேரில் சொல்வதாகச் சொல்லியிருந்தார். இதற்கு முன் இருந்த வீடும் அதற்கு முந்தைய வீடும் இப்படித்தான் போயின. மகள் ஜோசி இங்கே வந்து வெகுநாள் வரை துணிகளை அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்தாள். போன மாதம்தான், யாரும் சொல்லாமலே, அலமாரியில் எடுத்து அடுக்கினாள். அதைப் பார்த்த அன்று கெண்ட்ராவுக்குச் சந்தோஷம் வரவில்லை, இதையும் விட்டுப்போக நேர்ந்தால் என்ற பயம்தான் வந்தது. அதனால்தான் இந்த வாசல். வீட்டை நாங்கள் கண்ணாக வைத்துக்கொள்கிறோம் என்று வாய்விட்டுச் சொன்னால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும். வாசல் சொன்னால் அப்படி இருக்காது என்று நினைத்தாள்.

கணவன் டாட் சாப்பாட்டுக்கு வந்தான். தானியக் கிடங்கில் வேலை, தலையெல்லாம் சோளத்தூசி. சமையலறையில் அவளைக் காணாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தவன், படிக்குக் கீழேயே நின்றுவிட்டான்.

“இத எங்க வெட்டின?”

“எதிர்க்காட்டுலதான். மத்ததெல்லாம் மாட்டுத் தீவனத்துக்கு வெட்டிட்டாங்க, நடுவுல கொஞ்சம் சும்மா நின்னுச்சு. ஏன், நல்லால்லியா?”

“சும்மா நின்னுச்சா? அடிப்பாவி! அது வெர்லின் விட்டுவெச்ச வரிசைடி.”

வெர்லின், ஆர்லிஸின் கணவர். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பயிருக்குக் காப்பீடு இருந்தது. ஆனால் காடு முழுவதையும் தீவனத்துக்கு வெட்டுவதற்கு முன்னால், அங்கங்கே சில வரிசைகளை அப்படியே நிறுத்திவைக்கச் சொல்வார்கள். காப்பீட்டு ஆள் வந்து அந்த வரிசைகளில் செடியையும் கதிரையும் பார்த்துத்தான் மொத்தக் காட்டுக்கும் நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போடுவான். அதுவரை காட்டுக்குச் சொந்தக்காரனே அதில் கை வைக்கக் கூடாது.

“கொஞ்சம்தானே எடுத்தேன்?”

“எத எடுத்த? அதப் பாரு. இருக்குறதுலயே நல்ல கதிரா எடுத்திருக்க. மிச்சம் நிக்கிறதெல்லாம் பொக்கை. நஷ்டத்தக் கூட்டிக் காட்ட வெர்லினே நல்லதப் பொறுக்கிட்டாருன்னுதான் அவன் நினைப்பான். ஏமாத்துக்காரன்னு எழுதிட்டா பணமும் போச்சு, ஊர்ல பேரும் போச்சு.”

“அந்த ஆளு எப்ப வர்றான்?”

“வந்துட்டான். காலைல கிடங்குல வந்து என்கிட்டதான் வழி கேட்டான்.”

கெண்ட்ரா சாலைக்கு அப்பால் பார்த்தாள். நிலம் மேடாக ஏறி இறங்கியது. அந்த வரிசைகள் மேட்டுக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து தெரியவில்லை. டாட் அதற்குள் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்திருந்தான். கொட்டகைக்குப் பின்னால் போட்டு மூடிவிடலாம், யாரும் பார்க்கவில்லை, நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே அவிழ்த்தான். முடிச்சு வரவில்லை. காற்றுக்கு நிற்க வேண்டுமென்று அவள் அப்படி இறுக்கியிருந்தாள். ஒரு கட்டு பாதி அவிழ்ந்து தொங்கும்போது கொட்டகைப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது.

ஆர்லிஸ் வயல் பாதை வழியாக வந்து பின்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டார். இந்த ஊர்ப் பண்ணை வீடுகளில் முன்கதவு என்பது பாதிரியாருக்கும் பொருள் விற்க வருகிறவனுக்கும்தான். தெரிந்தவர்கள் எல்லாருக்கும் பின்கதவு, நேரே சமையலறை. நகரத்தில் வளர்ந்த கெண்ட்ரா, இத்தனை நாள் தானும் பின்கதவிலேயே போய் வந்துகொண்டிருந்தவள், இதை யோசிக்காமல் வாரம் முழுக்க முன்வாசலுக்குப் பாடுபட்டிருந்தாள். டாட் அவளைப் பார்த்தான். தப்பித்தோம் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

ஆர்லிஸ் பூட்ஸைக் கழற்றாமல் மேசையருகே உட்கார்ந்தார். கெண்ட்ரா காப்பி ஊற்றினாள்.

“சுருக்கமா சொல்லிடறேன். அண்ணன் மவன் டவுன்லயே வீடு பாத்துட்டான். கட்டிக்கப்போற பொண்ணுக்கு இந்தச் சாண நாத்தம் ஆகாதாம். நீங்களே இருங்க.”

“ரொம்ப நன்றி, ஆர்லிஸ்,” என்றான் டாட்.

சொல்லிவிட்டால் எழுந்துபோவார் என்று பார்த்தால் ஆர்லிஸ் போகவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்ஷூரன்ஸ் ஆளு வந்திருக்கான். வரிசைல தட்டைய யாரோ வெட்டிருக்காங்க. அவன் குனிஞ்சு, வெட்டின இடத்தத் தொட்டுப் பாத்துட்டு, இத யாருங்க வெட்டினதுன்னு கேட்டான். மரியாதையாத்தான் கேட்டான். அதத்தான் தாங்க முடியல.”

“மான் ஏதாச்சும் இழுத்திருக்கும்,” என்றான் டாட்.

“மான் கத்தி வெச்சுக்கிட்டா வருது?” ஆர்லிஸ் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. “வெர்லின் தெரியாதுன்னாரு. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் அவர ஒரு பார்வ பாத்துட்டேன். ஒரு நிமிஷம்தான். இந்த வருஷம் இருந்த இருப்புக்கு, செஞ்சாலும் செஞ்சிருப்பாரோன்னு. அவரு அதப் பாத்துட்டாரு.”

மேசைக்கு அடியில் டாட்டின் கால் கெண்ட்ராவின் காலை மிதித்தது. விடாமல் மிதித்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை, அதுதான் கொடுமை. அவன் சொல்வது நியாயம் என்றே பட்டது. வீடு கிடைத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜோசி பள்ளியிலிருந்து தன் வீட்டுக்கு வருவாள். யாரும் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. எதிரே இந்த அம்மாள், தன் புருஷனைச் சந்தேகப்பட்டதற்காகக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கெண்ட்ரா தன்னை நினைத்து அருவருத்தாள்.

ஆர்லிஸ் எழுந்து பின்கதவை நோக்கித் திரும்பினார்.

“அந்தப் பக்கம் வேண்டாம்,” என்றாள் கெண்ட்ரா. “இப்படி வாங்க.”

“கெண்ட்ரா!” என்றான் டாட்.

முன்கதவு எப்போது கடைசியாகத் திறந்ததோ, வண்ணம் சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தது. கைப்பிடியைத் திருகி இழுத்தாள். அசையவில்லை. ஒரு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள். கதவு சடாரென்று வர, வெளிச்சம் கூடத்துக்குள் அடித்தது. பாதி அவிழ்ந்த கட்டு வாசற்படியின் குறுக்கே விழுந்து கிடந்தது.

ஆர்லிஸ் அதைத் தாண்டாமல் நின்றார்.

“நான்தான் வெட்டினேன்,” என்றாள் கெண்ட்ரா. “நீங்க வர்றீங்கன்னு வாசல அலங்காரம் பண்ணேன். அது என்னன்னு அப்ப எனக்குத் தெரியாது.”

“எப்ப தெரிஞ்சுது?”

“நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால.”

ஆர்லிஸ் தலையைத் திருப்பி டாட்டைப் பார்த்தார். “மானு,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவன் காது மடல் சிவந்துபோனது.

பிறகு குனிந்து ஒரு தட்டையை உருவி எடுத்து, கதிரின் முத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“கதிர் எதையாச்சும் ஒடிச்சுப் போட்டியா?”

“இல்ல. எல்லாம் தட்டையிலயேதான் இருக்கு.”

“தூக்கு. அந்த ஆளு இதையும் எண்ணிப் பாக்கட்டும்.”

“ஆர்லிஸ், வீட்டு விஷயம்…” என்று டாட் இழுத்தான்.

“மொதல்ல அந்தக் கட்ட அவுருப்பா.”

அவன் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். கெண்ட்ரா இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டாள். கனமில்லை, ஆனால் தோகை முகத்தை மறைத்தது. பாதை தெரியாமல், சாலையைத் தாண்டி வெட்டுக்கட்டைகளில் கால் இடற இடற மேடேறினாள். மிச்சக் கட்டோடு டாட் பின்னால் வருகிற சத்தம் கேட்டது. வீட்டைப் பற்றி ஆர்லிஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்கிற தகுதி அந்த வாசற்படியோடு போய்விட்டது என்று தோன்றியது.

மேட்டு உச்சியில் நின்று தோகையை விலக்கிப் பார்த்தாள். கீழே காப்பீட்டு ஆள் வரிசைக்குள் குனிந்திருந்தான். வெர்லின் தள்ளித் தனியாக, கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். ஆர்லிஸ் அவளை முந்திக்கொண்டு இறங்கினார். அந்த வயதுக்கு அது நடையில்லை, ஓட்டம். கையிலிருந்த தட்டையை, அதன் கதிரை வெர்லின் பார்க்கட்டும் என்று தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே போனார். வெர்லின் கதிரைப் பார்த்தார், மேட்டின் மேல் தட்டையோடு நிற்கிறவளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கையை வெளியே எடுக்கவில்லை. ஆர்லிஸின் நடை தளர்ந்தது. அவருக்கும் புருஷனுக்கும் நடுவே ஒரு வரிசை அகலம் இருக்கும்போது நின்றுவிட்டார், தூக்கிய கையை இறக்காமல்.