றாஹிலா.இலங்கை

சாய்ந்தமருதில் ஃபைபர் படகு கட்டுகிற கம்பனி எங்களுடையது. பெயர் றாஹிலா, வல்லின ற. சுனாமியில் போன எங்கள் மகளின் பெயர். ஒரு கொட்டிலில் தொடங்கினோம். சண்டை முடிந்த இரண்டாம் வருடம் மாலைதீவிலிருந்து ஆள் வந்து படகைத் தட்டிப் பார்த்து, இணைய முகவரி கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டோம். பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

முகவரி பதிவு செய்து தருகிற கொழும்பு நிறுவனத்தில் கிசோக் என்றொருவர். டொட் கொம் எடுங்கள், அதுதான் உலகம் முழுக்கத் தெரியும் என்றார். அதில் எங்கள் பெயரை எவரோ ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். நடுவில் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாமாம். அவருடைய பிள்ளையின் பெயருக்கு நடுவில் கோடு போடுவாரா? டொட் எல்கே போதும் என்றேன். படகு எந்த நாட்டுடையது என்று முகவரியிலேயே தெரியட்டும். தமிழில் 'டொட் இலங்கை' என்றும் எடுக்கலாம் என்றார். நான் துள்ளிக் குதிக்காத குறைதான். அதையும் எடுக்கச் சொன்னேன்.

எடுத்து அனுப்பியதைப் பார்த்தால் 'ராஹிலா.இலங்கை'. இடையின ர. சரியான பெயரை அடித்தால் எதுவுமே வரவில்லை. ஓர் எழுத்து மாறினாலும் கணினிக்கு அது வேறு முகவரி.

உடனே கோல் எடுத்தேன். தமிழ்ச் சொல் ற-வில் தொடங்காது, இலக்கணப்படி திருத்தினேன் என்று பாடம் நடத்தினார்.

"எங்கட ஊருல தொடங்கும் தம்பி. பிறப்புப் பத்திரத்துலயே தொடங்கியிருக்கு," என்றேன்.

சரி, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார். ர-வில் தளம் இருக்கும், ற-வை அடித்தால் அங்கே திருப்பிவிடலாம். பிழையான எழுத்தையும் வாங்கி வைத்துக் கம்பனிகள் இப்படித்தான் செய்யுமாம். அப்படியென்றால் என் மகளின் பெயர்தான் பிழையா? கொதித்துப் போனேன்.

பக்கத்தில் நின்ற என் கணவர் மஜீட் போனை வாங்கினார். வம்புக்கே போகாத மனிதர். விட்டுக்கொடுத்துவிடுவார் என்று பயந்தேன்.

"தம்பி, கடல் எங்கட புள்ளயத்தான் கொண்டு போச்சி. பேர விட்டுட்டுத்தான் போயிருக்கு. அத நீங்க மாத்தாதீங்க. பிழையா எழுதுற ஆக்களும் வரட்டும். வந்து சேருற இடம் றாஹிலாவா இருக்கட்டும்."

 மாற்றித் தருகிறேன் நானா என்றார் கிசோக், எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே.

மறுநாள் வேண்டுமென்றே ர போட்டு அடித்துப் பார்த்தேன். பக்கம் திறந்தது. மேலே முகவரியில் அந்த எழுத்து தானாகவே ற ஆகியிருந்தது. மஜீட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை பிழையாக அடிக்கச் சொன்னார்.