ஒரே கொட்டகையில் இரண்டு சங்கிலி

அன்று மதியம் கொட்டகையில் இருந்தவர்கள் நால்வர்: இலாரியோ ஆகிய நான், என் தம்பி செஃபெரீனோ, என் மகள் நிதியா, பக்கத்துச் சோயாக் காட்டுக்காரன் ஒஸ்வால்திர்.

அணை மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் எங்கள் ஊர் எர்னாந்தாரியாஸில், கணினி நாணயம் தோண்டும் இயந்திரங்கள் எங்களிடம் இரண்டு வரிசை இருந்தன. ஒன்று நிதியாவின் பொறுப்பு, மற்றது தம்பியின் பொறுப்பு. நாணயத்தின் பெயர் உருதாவு. சின்ன நாணயம், தோண்டுகிறவர்கள் சொற்பம்; நாணயம் கைமாறியதை உறுதி செய்வதும் அவர்களுடைய இயந்திரங்களே.

அதன் விதிகளை மாற்றிப் புது மென்பொருள் வந்தது. பழையது எழுதும் கணக்கைப் புதியது ஏற்காது; ஒரே சங்கிலியாக நீண்ட கணக்கு இரண்டு சங்கிலியாகப் பிரிந்தது. நிதியா மாற்றிக்கொண்டாள். தம்பி மறுத்தான். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக நீலத் துண்டுக் கட்சி. துண்டு மாற்றுகிறவனை வாசலில் நிறுத்தித்தான் பேசுவோம். மென்பொருளையும் அவன் கட்சியாகவே எடுத்துக்கொண்டான். தன் இயந்திர வரிசையின் முகப்பில் நீலத் துண்டைக் கட்டினான்.

அதே வீம்போடு ஒஸ்வால்திரின் டிராக்டரை விலை பேசி, பழைய மென்பொருளிலேயே நாணயத்தை அனுப்பினான். போய்ச் சேர்ந்ததாகத் திரையில் உறுதி சொன்னவை அவனுடைய இயந்திரங்களே. மற்றவர்கள் எல்லாரும் புதுச் சங்கிலிக்குப் போய்விட்டிருந்தார்கள். அந்தச் சங்கிலி இவன் அனுப்பியதைச் சீந்தவில்லை. திரையை நம்பி ஒஸ்வால்திர் டிராக்டர் சாவியைக் கொடுத்தான். நாணயத்தை விற்கப் போனபோதுதான் கையில் ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

நேரே வந்தான். எல்லாரும் ஒரே குழலில் உறிஞ்சிக் குடிக்கும் குளிர்ந்த மூலிகைப் பானமான தெரெரே குவளையை நீட்டினேன். தொடவில்லை.

“திருட்டுக் கும்பலோட ஒரே குழல்ல உறிஞ்ச மாட்டேன், இலாரியோ ஐயா.”

“வார்த்தைய அளந்து பேசு.”

“என்னத்த அளக்குறது? நீங்களே நோட்டு அடிச்சு, நீங்களே நல்ல நோட்டுன்னு முத்திரை குத்துறீங்க. சந்தை பூரா இத சொல்லிட்டுத்தான் வர்றேன்!”

தம்பி எழுந்தான். “டேய், என் சங்கிலிதான்டா அசல். மத்தவனெல்லாம் கட்சி மாறுன பயலுக.”

“அப்படியா? அந்த அசல வச்சு ஒரு கிலோ மரவள்ளி வாங்கிக் காட்டு பாப்போம்.”

நிதியா சிரித்துவிட்டாள். “சித்தப்பா, அந்தத் துண்டக் கழட்டுங்க. ஒத்த ஆளுக்குக் கட்சி எதுக்கு?”

“நீ வாய மூடு.”

“மூடுறேன். மொதல்ல சாவிய எடுங்க.”

எங்கள் குடும்பப் பெயரை ஒஸ்வால்திர் சந்தையில் திருடன் என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்லிவிட்டான். இனி டிராக்டர் எனக்கு ஒரு பொருட்டல்ல. தம்பியிடம் கையை நீட்டினேன்.

“சாவி.”

“அண்ணே, குடுத்தா நாம ஏமாத்துனத ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“குடுக்கலேன்னா ஏமாத்துனதாவே ஆயிடும். எடு.”

எடுத்தான். என் முகத்தைப் பார்க்காமல் என் கையில் போட்டான். நான் அதை ஒஸ்வால்திரிடம் கொடுத்தேன்.

“வண்டிய எடுத்துட்டுப் போ. சொன்ன சொல்லச் சந்தையிலயே திருப்பி எடுக்கணும். இனி இந்த வாசல மிதிக்காத.”

“வெத்தல பாக்கு வச்சு அழைச்சாலும் மிதிக்க மாட்டேன்” என்று சொல்லி டிராக்டரில் ஏறிப் போனான். சொல்லைத் திருப்பி எடுக்கவும் இல்லை.

அவன் போலீசைக் கூட்டிவந்து வண்டியை மீட்டதாக ஊரில் பேசுகிறார்கள். போலீஸ் வரவில்லை. சாவியைக் கொடுத்தவன் நான்.